கடிதம் படித்துச் சொல்பவர்

கைப்பேசியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் உடனே இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு கட்சியார், அது பிள்ளைகளைக் கெடுத்தது, உறக்கத்தைக் கெடுத்தது, வீட்டுக்கு வந்தவரிடம் முகங்கொடுத்துப் பேசும் வழக்கத்தையே ஒழித்தது என்று புலம்புவர். மறு கட்சியார், உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டதென்று பூரிப்பர். இரு கட்சியாரும் தத்தம் கொள்கையைப் பரப்புவதற்கு அந்தக் கைப்பேசியையே உபயோகிக்கின்றனர் என்பது வேறு விஷயம். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. என் மனத்தில் கிடக்கும் கேள்வி அதனினும் சிறியது. ஒருவருடைய சட்டைப்பையில் கைப்பேசி இருக்கின்றது. அதன் விலையைக் கொடுத்தவர் அவரே. மாதக் கட்டணத்தைக் கட்டுபவரும் அவரே. ஆனால் அதனை ஆள்பவர் யார்?

இக்கேள்வியின் வேரைத் தேடினால் நம் பழைய லயத்து வாசலுக்குப் போகவேண்டியிருக்கின்றது.

நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய காலத்தில், ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் அது லயம் முழுவதும் அறிந்த சேதி. கடிதம் உரியவர் கையில் இருக்கும். அதனுள் எழுதியிருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எழுத்தறிந்த ஒருவரைத் தேடிப் போகவேண்டும். அவர் தோட்டத்து வாத்தியாராக இருக்கலாம். ஆபீஸ் கிராணியாக இருக்கலாம். சில இடங்களில் கங்காணியே அப்பதவியையும் சேர்த்து வகித்தார். வேலை முடிந்து, குளித்து, தோளில் துண்டோடு அவர் வாசலில் போய் நின்று, அவருக்கு ஓய்வு வரும்வரை காத்திருந்து கடிதத்தை நீட்டவேண்டும். தங்கைக்கு வரன் வந்திருப்பதும், நிலம் ஒத்திக்குப் போனதும், தகப்பனாருக்கு நோய் முற்றியதும், எத்தனை ரூபாய் அனுப்பவேண்டுமென்பதும் அவர் வாய்வழியாகவே இவர் காதுக்கு வரும். பதில் எழுதுபவரும் அவரே. ஆகவே ஒரு குடும்பத்தின் கடனும் கண்ணீரும் அக்குடும்பத் தலைவருக்கு முன்னதாகவே அவருக்குத் தெரிந்துவிடும். அவ்வாறு படித்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. கேட்டதை நெஞ்சிலேயே புதைத்து வைத்தனர். சிலர் அப்படியல்லர். சொல்லி எழுதச் சொன்ன தொகைக்கும் எழுதப்பட்ட தொகைக்கும் வித்தியாசம் நேர்ந்த கதைகளை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

1923-ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டரசு நாடுகளில் செய்யப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஒன்று வைக்கவேண்டுமென விதித்தது. அப்பள்ளிகளின் குறைகளை எழுதப் புகுந்தால் அது தனியே ஒரு புத்தகமாகும். ஆயினும் அவற்றால் ஒரு பெரிய காரியம் நடந்தது. பத்து வயதுப் பையன் தன் வீட்டுக் கடிதத்தைத் தானே படித்தான். தகப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிறர் வாசலில் நிற்பது கொஞ்சங் கொஞ்சமாக நின்றது. வீட்டு விஷயம் வீட்டோடு தங்கிற்று. இதைவிடப் பெரிய விடுதலை அந்நாளில் ஓர் ஏழைக்கு வேறு எது?

அந்தத் துண்டு இப்பொழுது மறுபடியும் தோளில் ஏறியிருக்கின்றது.

பேராக்கில் நான் வசிக்கும் சிறு பட்டணத்தில் கைப்பேசி விற்கும் கடை ஒன்று உண்டு. பழுது பார்ப்பதும் கட்டணம் ஏற்றுவதும் அங்கேதான். ஒருநாள் மாலை, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற எழுபது கடந்த பெரியவர் ஒருவர் அக்கடைக்கு வந்தார். அவர் எழுத்தறியாதவரல்லர். தமிழ்ப் பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரையில் தினந்தோறும் வரி விடாமல் படிப்பவர். அப்படிப்பட்டவர் கைப்பேசியை எடுத்து, கடையிலுள்ள இருபது வயதுப் பையனிடம் நீட்டி, “தம்பி, இதில் என்னமோ வந்திருக்கிறது, பார்” என்றார். பையன் பார்த்தான். வங்கியிலிருந்து வந்த செய்தி. இவ்வளவு பணம் வந்தது, இவ்வளவு மிச்சம் இருக்கின்றது என்று உரத்த குரலில் படித்தான். கடையில் என்னையும் சேர்த்து நான்குபேர் நின்றிருந்தோம். பெரியவர் யார் முகத்தையும் பாராமல் சிரித்தபடியே கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குக் கை வரவில்லை.

பையன் கெட்டவனல்லன், உதவிதான் செய்தான். குறை அவனிடமில்லை. பத்திரிகை படிக்கும் ஒருவர், தம் கைப்பணத்தின் கணக்கை நான்குபேர் நடுவில் பிறர் வாயால் கேட்கவேண்டியிருக்கின்றதே, அதுதான் குறை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாமல் விரலை மையில் ஒற்றுபவரைக் கைநாட்டு என்று ஒருகாலத்தில் இகழ்ந்தோம். இன்றோ படித்தவர், படியாதவர் என்ற வேற்றுமையின்றி எல்லாரும் நாளுக்கு நூறுமுறை கைநாட்டு வைக்கின்றோம். விரலை வைத்தாலன்றிக் கைப்பேசியின் பூட்டுத் திறப்பதில்லை.

யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது என்று இன்னும் சிலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது பழங்கதை. கணினிக்குள் தமிழைக் கொண்டுசேர்க்க உழைத்தவர்களில் இம்மண்ணின் மக்களும் உண்டென்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழ் எழுதும் வேலையைத் தொடங்கினார். அதுவே முரசு அஞ்சல் என வளர்ந்தது. சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நா. கோவிந்தசாமி 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1991-ல் வெளிவந்த யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2005-ல் செல்லினம் வந்து கைப்பேசியில் தமிழ்ச் செய்தி அனுப்ப வழி திறந்தது. 2013-ல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்து வந்தது. இத்தனையும் ஆனபிறகு, நம் வீட்டுப் பிள்ளைகள் “அம்மா, சாப்பிட்டாயா” என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பிக்கொண்டிருக்கின்றனர்.

இப்பழக்கத்துக்குச் சோம்பல் ஒன்றே காரணமென்று சொல்வது நியாயமாகாது. காசும் ஒரு காரணம். பழைய குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்தானால் 160 வரை எழுதலாம். தமிழ் எழுத்து ஒன்று புகுந்துவிட்டாலும் போதும், அவ்வளவு 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் ‘கை’ என்னும் ஓரெழுத்து யந்திரக் கணக்கில் இரண்டு. ககரம் ஒன்று, அதனோடு சேரும் குறி ஒன்று. செய்திக்கு இத்தனை காசென்று எண்ணிக் கட்டிய நாளில், தமிழில் எழுதியவர் ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் கொடுக்கவேண்டியிருந்தது. கூலிக்கணக்குப் பார்த்து வாழ்ந்த வீட்டார் என் செய்வர்? எழுத்தை விற்றுக் காசை மிச்சப்படுத்தினர். இப்பொழுது செய்திகள் இணையத்தின் வழியே போகின்றன. எழுத்துக்கு இத்தனையென்ற கணக்கு ஒழிந்தது. பழக்கம் மட்டும் ஒழியவில்லை.

அதனால் வரும் நட்டம் யாருக்கு? பத்திரிகை படிக்கும் அப்பெரியவருக்குத்தான். மகன் அனுப்பும் சேதியைக்கூட அவர் வேறொருவரிடம் நீட்டவேண்டியிருக்கின்றது. ஆங்கில எழுத்தில் நம் பலமும் பாலமும் பழமும் ஒரே உருவாகிவிடுகின்றன. கலையும் காலையும் களையும் காளையும் அப்படியே. பாலத்தண்டை நிற்கச் சொன்னவரைப் பழக்கடையில் தேடிய கதைகள் எங்கள் வட்டாரத்தில் உண்டு.

இது நிற்க. புதியதெல்லாம் ஏழையை எழுத்தறியாதவனாக்கிற்று என்று நான் சொல்வதாக நேயர்கள் கொள்ளவேண்டா. ஒரு விஷயத்தில் இக்கருவிக்கு நான் கைகூப்புகின்றேன். 2013-ல் புலனத்தில் குரற்செய்தி அனுப்பும் வசதி வந்தது. ஜொகூரில் என் சிற்றன்னை ஒருவர் இருக்கின்றார். பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். அவர் அந்தச் சிறு ஒலிவாங்கிப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிஷம் பேசுவார். அவர் பேச்சினூடே சேவல் கூவும். குக்கர் விசில் அடிக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை அழும். தங்கை மகள் கோபித்துக்கொண்டு போனதை முதலிலிருந்து முடிவுவரை சொல்லி, நடுவில் மறந்துபோன ஒன்றை மறுபடியும் தொடங்கி, “சரி, வைக்கிறேன்” என்று மூன்று முறை சொன்னபின்பே முடிப்பார். இளையவர்கள் இதைக் கேட்க அலுத்துக்கொள்கின்றனர். எனக்கு அலுப்பில்லை. அவருடைய தாயார் ஒரு கடிதத்தில் நான்கு வரி சொல்வதற்குக் கிராணி வீட்டு வாசலில் எத்தனை அந்தி நின்றிருப்பார்! நடுவே ஓர் ஆளில்லாமல், தம் வாயாலேயே தம் துக்கத்தைச் சொல்லும் வசதி அக்குடும்பத்துக்கு வந்துசேர இரண்டு தலைமுறை பிடித்திருக்கின்றது.

ஆகவே வேண்டுமென்று செய்தால் எளியவர் கைக்கேற்றபடி கருவியை அமைக்க முடியும். 2020-ல் பெருந்தொற்று வந்தபோது சிங்கப்பூர் அரசாங்கம் கைப்பேசிச் செயலியைக் கையாளத் தெரியாத முதியோருக்கென்று, திரையே இல்லாத சிறு வில்லை ஒன்றைச் செய்து ஜூன் மாத இறுதியிலிருந்து கொடுத்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டாலும் சரி, பையில் போட்டுக்கொண்டாலும் சரி, படிக்க ஒன்றுமில்லை. நம் மலேசியாவில் மைசெஜாத்ரா செயலியைக் காட்டிக் கடைக்குள் நுழையும் வழக்கம் 2022 மே முதல் தேதி நீங்கும்வரை இருந்தது. எத்தனை பெரியவர்கள் வாசலில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளிடம் கைப்பேசியை நீட்டினர் என்பதை நாமெல்லாரும் பார்த்தோம். பிறகு பழைய பொத்தான் கைப்பேசிகளுக்கும் காலம் நெருங்கிற்று. மூன்றாம் தலைமுறை அலைவரிசை மலேசியாவில் 2021 இறுதியோடும், சிங்கப்பூரில் 2024-லும் நிறுத்தப்பட்டது. எனக்குப் பழைய கருவியே போதுமென்று சொல்லும் உரிமை முதியவருக்கு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகின்றது.

இப்பொழுது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகின்றேன்.

எங்கள் தெருவில் ஒரு விதவை அம்மையார். கணவர் தோட்டத்திலும் பின்னர் ஓர் ஆலையிலும் உழைத்தவர். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியில் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துச் சேர்ந்த பணம், அவர் காலமானபின் அம்மையார் பேரில் வங்கிக்கு வந்தது. செலவுபோக மிஞ்சியிருந்தது பதினெட்டாயிரம் வெள்ளி. 2021-ல் ஒருநாள் காலை கைப்பேசி மணி அடித்தது. போலீஸ் அதிகாரி பேசுவதாக மலாயில் கம்பீரமான குரல். அம்மையாரின் அடையாள அட்டை எண்ணை அவனே சொன்னான். அந்த எண் ஒரு குற்ற வழக்கில் அகப்பட்டிருப்பதாகவும், விசாரணை முடியும்வரை பணத்தைப் பாதுகாக்கவேண்டுமென்றும் சொன்னான். பிறகு மேலதிகாரியென்று இன்னொரு குரல். ஒருவரிடமும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் சிறை என்று கட்டளை. சற்று நேரத்தில் ஆறு இலக்கங்கள் கொண்ட செய்தி வந்தது. அதைப் படிக்கச் சொன்னான். எழுத்தறியாவிட்டாலும் எண்ணறிந்தவர், ஒவ்வொன்றாகச் சொன்னார். பகலுணவு நேரத்துக்குள் கணக்கில் மிஞ்சியது நாற்பது வெள்ளிச் சொச்சம்.

இதைக் கேட்டவர்களில் சில மேதாவிகள், பேராசைப்பட்டவர்தாம் ஏமாறுவர் என்று நீதி கூறினர். அவர்கள் வாயை அடைக்க விரும்புகின்றேன். அந்த அம்மையார் ஒரு காசு லாபத்துக்கும் ஆசைப்பட்டவரல்லர். அவர் கீழ்ப்படிந்தார், அவ்வளவே. ஆபீசிலிருந்து கூப்பிட்டால் ஏன் என்று கேளாமல் போகவேண்டும், அதிகாரக் குரல் எதைக் கேட்டாலும் கொடுக்கவேண்டும் என்பது மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் நமக்குப் பழக்கிய பாடம். திருடன் அந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கின்றான்.

அன்றியும் வேறொன்று உண்டு. அந்த ஆறு எண்களை அவர் பிறருக்குச் சொன்னது அதுவே முதன்முறையன்று. மின்சாரக் கட்டணம் கட்டும் பேரனுக்குச் சொல்லியிருக்கின்றார். கடைப் பையனுக்குச் சொல்லியிருக்கின்றார். கைப்பேசியில் வரும் எண்ணை நடுவிலிருக்கும் ஆளிடம் சொன்னால் காரியம் முடியும் என்பதே அவர் அறிந்த முறை. அது தம் பெட்டியின் சாவி என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. சாவியைத் தினமும் பிறர் கையில் கொடுத்து வாங்கியவரிடம், திருடனும் ஒருநாள் வந்து கை நீட்டினான்.

குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பும் முறையை விட்டு, அதனினும் பாதுகாப்பான முறைக்கு மாறவேண்டுமென்று 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா இந்நாட்டு வங்கிகளுக்கு அறிவித்தது. சிங்கப்பூர் வங்கிகளும் 2024 ஜூலையில், மின்னியல் குறியீட்டுச் செயலி வைத்திருப்போர் கணக்கில் நுழைவதற்கு அவ்வெண்ணைப் பயன்படுத்தும் முறையை நீக்கப் போவதாகத் தெரிவித்தன. நல்லது. ஆனால் திருடர்கள் ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்றைத் தட்டுபவர்கள். திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் ஒரு கோப்பு வரும். நம்மவருக்குக் கல்யாணமென்றால் திறந்து பாராமலிருக்க முடியுமா? தொட்டவுடன் அது ஒரு செயலியாகக் கைப்பேசிக்குள் குடிபுகுந்து, உள்ளே வரும் செய்திகளைத் திருடனுக்கு அனுப்பத் தொடங்கும். அழைப்பிதழ் படமாக வரட்டும். ‘நிறுவவா’ என்று கேட்கும் அழைப்பிதழுக்கு மொய் எழுத நாம் போகவேண்டியதில்லை. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அழுவதற்கு முன் மலேசியாவில் 997 என்னும் எண்ணைக் கூப்பிடவேண்டும். சிங்கப்பூரில், வந்தது மோசடியோ என்று சந்தேகம் தோன்றினாலே 1799-ஐக் கேட்கலாம். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குச் சில நிமிஷங்களில் ஓடிவிடும். வழியில் தடுத்தால்தான் உண்டு.

அந்த அம்மையாருக்கு நேர்ந்ததற்குப் பிறகு, எங்கள் ஊர்ச் சங்கத்து அறையில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பெரியவர்களுக்குக் கைப்பேசி வாசிப்புச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். வகுப்பென்று சொன்னால் வரமாட்டார்கள் என்பதற்காகத் தேநீர் என்று சொன்னோம். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தனர்.

அங்கே நாங்கள் வைத்த முதல் விதி, பெரியவர் கையிலிருந்து கைப்பேசியை ஒருவரும் வாங்கக்கூடாது என்பது. கேட்பதற்கு எளிதாக இருக்கும், செய்வது அரிது. பேரன்மார் என்ன செய்கின்றனர்? “கொடு பாட்டி” என்று வாங்கி, கண்ணிமைக்குமுன் எதையோ தட்டி, “முடிந்தது” என்று திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். பாட்டிக்கு எதுவும் முடியவில்லை, பேரனுக்கு முடிந்தது. விரல் பாட்டியுடையதாக இருக்கவேண்டும். தவறான இடத்தைத் தொடட்டும். திரும்பி வரும் வழியையும் அவரே தொட்டுப் பழகட்டும். ‘கெட்டுப்போய்விடுமோ’ என்ற அச்சம் நீங்கவே இரண்டு வாரம் பிடித்தது. சைக்கிள் வாங்கிய காலத்தில் நம் பெரியவர்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, சங்கிலியைக் கழற்றி மாட்டி, பஞ்சர் ஒட்டி, ஒரே மாலையில் அதன் அந்தரங்கமெல்லாம் அறிந்துகொண்டனர். இக்கருவியோ கண்ணாடிச் சில்லு. கவிழ்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் அவ்வளவு அச்சம்.

முதல் நாள் செய்தது இரண்டே காரியம். எழுத்தைப் பெரிதாக்குவது, மொழியைத் தமிழுக்கு மாற்றுவது. எழுத்துப் பெரிதானவுடன் ஒரு பாட்டியார், “இத்தனை நாளும் என் கண்தான் போய்விட்டதென்று நினைத்திருந்தேன்” என்றார். தமிழ் மாற்றம் அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. கைப்பேசித் தமிழில் சில சொற்கள் நம் தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒருவர் வாயிலும் வராதவை. அன்றியும் இரண்டாம் வாரம் மூவர் பழையபடி மலாய்க்குத் திரும்பியிருந்தனர். காரணம் கேட்டேன். தமிழில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லையாம், உதவி கேட்கமுடியவில்லையாம். இதற்குப் பேரப்பிள்ளைகளுக்குத்தான் வகுப்பு வைக்கவேண்டும்.

நமது பத்திரிகைப் பெரியவர் மூன்றாம் வாரம் வந்தார். அவருக்கு வேண்டியது வேறு. வங்கிச் செய்தி தமிழில் வராதே, அதை எப்படிப் படிப்பது? மலாய் பேசத் தெரிந்தவர், எழுத்துத்தான் தெரியாது. ஐந்தாறு சொற்களின் உருவத்தை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்தோம். அதில் ஒன்று மிச்சத் தொகையைக் குறிக்கும் ‘பாக்கி’. அது நம் பாக்கியேதான். இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். அதைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். பணத்துக்கு மலாயில் ‘டுயிட்’ என்பதும் நம் ‘துட்டு’ம் டச்சுக்காரர் காசிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்றேன். வடைக்கடையில் ஒட்டியிருக்கும் கட்டங்கட்டமான படத்தின்மேல் டுயிட்நவ் என்று எழுதியிருப்பதை அன்று மாலையே போய்ப் படித்துவிட்டு வந்தார். சில நாள் கழித்துக் கைப்பேசிக் கடையில் அவரைப் பார்த்தேன். மணி ஒலித்தது. எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கருவியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பையன் வழக்கம்போல், “என்ன தாத்தா வந்திருக்கிறது?” என்று கை நீட்டினான். “உனக்கெதற்கு?” என்றார் பெரியவர். கடையில் அப்போதும் நான்குபேர் இருந்தனர்.

சில்லறை யோசனைகள் சில உண்டு; கேட்கிறவர் கேட்கட்டும். மூன்று பேருடைய எண்ணையாவது காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கலம் தீர்ந்துபோனால் பெற்ற மகனின் எண்கூட நமக்கு நினைவில் இருப்பதில்லை. இருபது வெள்ளி நோட்டு ஒன்றும் அதோடு இருக்கட்டும். தலையணையின்கீழ் வைத்து மின்னேற்றுவது கூடாது. லித்தியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது, நமக்கு நெருப்பு ஆகாது. அதிகாரியென்று யார் கூப்பிட்டாலும், “நானே நேரில் வருகின்றேன்” என்று சொல்லி வைத்துவிடலாம். உண்மையான அதிகாரி கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்தால் அவர் கோபத்தோடு இருக்கட்டும்.

அந்த விதவை அம்மையார் முதல் மூன்று வாரம் வரவில்லை. கைப்பேசியைத் துணியில் சுற்றி அரிசிப்பானைக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான்காம் வாரம் வந்து, கடைசி நாற்காலியில், கருவியை மடியில் கவிழ்த்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒன்று மட்டும் கேட்டார்: ஒருவன் மறுபடியும் கூப்பிட முடியாதபடி செய்ய வழி உண்டா? உண்டென்று சொல்லி, தடுக்கும் இடத்தைக் காட்டினோம். எண்ணை அவர் மறக்கவில்லை. தம் விரலாலேயே அழுத்தினார். கருவி ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. அதை எழுத்துக்கூட்டிப் படிக்கவே அவர் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றார், ‘அ’விலிருந்து தொடங்கியிருக்கின்றோம்.

வரும் ஞாயிறு பாடம் சேமநிதிக் கணக்கைத் தாமே திறந்து பார்ப்பது. அறையில் பன்னிரண்டு நாற்காலிகளே உண்டு. மின்னேற்றும் துளைகள் நான்கு. வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடியையும், கைப்பேசியின் கம்பியையும், முடிந்தால் தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளை ஒன்றையும் உடன் அழைத்துவரலாம்.